இருபத்தாறு தலைகள்

சுற்றுலாவுக்கு மூன்று நாள் முன்பு சக்தியின் அப்பா சாமிதுரை ஒப்புதல் சீட்டைக் கொடுக்க வந்தார். வகுப்புக்குள் வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே சீட்டை நீட்டினார். டிப்பர் லாரி ஓட்டுகிறவர். சட்டைக் காலர் வரைக்கும் சுண்ணாம்புத் தூசி.

"கையெழுத்துப் போட்டிருக்கேன் டீச்சர். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். சக்தியை அவங்கம்மா வந்து கேட்டா விடக்கூடாது. எங்க வச்சுக் கேட்டாலும் சரி."

"நாங்க அரியலூர் அறிவியல் கூடத்தைப் பாத்துட்டு அன்னிக்கே திரும்பிடுவோம். அவங்க அங்க எதுக்கு வரப்போறாங்க?"

"வரமாட்டா. வந்தா விடக்கூடாதுன்னுதான் சொல்றேன்."

"உங்ககிட்ட வாங்கின புள்ளையை உங்ககிட்டதான் விடுவேன். போதுமா?"

தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சக்தி மூன்றாம் வகுப்பு. எட்டு வயது. அவளுடைய அம்மா மலர்க்கொடி நான்கு மாதத்துக்கு முன்பு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த ஊரான பூலாம்பாடிக்குப் போய்விட்டாள். சண்டைக்குக் காரணம் என்று எங்கள் ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் இரண்டு முறை உட்கார்ந்து பேசி, முழுப்பரீட்சை முடியும் வரை பிள்ளை அப்பாவிடம் இருக்கட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். சக்தியிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உடையார்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் பள்ளி. சின்ன தொடக்கப்பள்ளி. சுற்றுலாவுக்குப் பேர் கொடுத்தவர்கள் இருபத்தாறு பேர். சத்துணவு உதவியாளர் பொன்னாயி அக்காவும் நானும் துணை. வேன் பாவாடை அண்ணனுடையது. இவ்வளவு சின்னப் பிள்ளைகளை அவ்வளவு தூரம் நான் கூட்டிக்கொண்டு போவது அதுதான் முதல் தடவை. ஆகவே மூன்று நாளும் கடைசிப் பீரியடில் பயிற்சி கொடுத்தேன். இரண்டிரண்டு பேராக வரிசை. வேன் படியில் நான் நிற்பேன். ஒவ்வொருவரும் தலையைக் குனிந்து ஏற வேண்டும். நான் தலையைத் தொட்டு எண்ணுவேன். இருபத்தாறு வந்தால்தான் வேன் நகரும்.

"ஒண்ணு குறைஞ்சா, டீச்சர்?" என்று முதல் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்.

"குறைஞ்சா வேன் கிளம்பாது. யாருக்கும் வூடு கிடையாது."

வேடிக்கையாகத்தான் சொன்னேன். பிள்ளைகள் அதை அப்படியே மனதில் எழுதிக்கொண்டார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அறிவியல் கூடத்தில் போய் இறங்கினோம். அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பெரிய பள்ளத்துக்கு இந்தப் பக்கம் கட்டியிருந்தார்கள். தொடாதே என்று எங்கும் பலகை இல்லை. தொடு, இழு, ஊது, சுற்று என்றுதான் எழுதியிருந்தது. எங்கள் பிள்ளைகள் முதல் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். யாரோ ஒருத்தி ஒரு சக்கரத்தைச் சுற்றினாள். யாரும் திட்டவில்லை. அவ்வளவுதான், கூடமே இரைச்சலாகிவிட்டது.

சைக்கிள் மிதித்தால் வரிசையாகப் பல்பு எரிந்தது. கயிற்றை இழுத்தால் நாற்காலியோடு தன்னைத்தானே தூக்கிக்கொள்ளலாம். பளபளவென்ற ஒரு உருண்டையைத் தொட்டால் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது.

"டீச்சர், சுவாதிக்குப் பேய் புடிச்சிருச்சு."

"உனக்கு எப்பவும் புடிச்சுதான் இருக்கு, நீ சும்மா இரு."

பொன்னாயி அக்காவைத் தொடச் சொன்னார்கள். "போங்கடி, எனக்கு இருக்கறதே நாலு முடி. அதும் நட்டுக்கிச்சுன்னா ஊருக்கு எப்படிப் போறது?" என்று புடவைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு இன்னொரு பள்ளி வந்தது. அவர்களும் அரசுப் பள்ளி. அரசு கொடுக்கும் அதே சீருடை, அதே இரட்டைச் சடை, அதே ரிப்பன். மணல் தொட்டியில் பிரஷ் வைத்துத் தேய்த்து, நத்தைபோல் சுருண்ட புதைபடிவக் கல்லைத் தேடுகிற இடத்தில் இரண்டு பள்ளியும் கலந்துவிட்டது. எது யார் பிள்ளை என்று தெரியவில்லை. சக்தி மட்டும் மணலை விட்டு எழுந்து, அந்தப் பள்ளிப் பிள்ளை ஒருத்தியைக் கட்டிக்கொண்டு குதித்ததைப் பார்த்தேன். தோழி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகும் அந்த இரண்டு பேரையும் பார்த்தேன். கூடத்தின் இரண்டு கோடியில் ஆள் உயரத்துக்கு இரண்டு கிண்ணங்கள் சுவரைப் பார்க்க நிறுத்தியிருந்தார்கள். ஒன்றில் வாயை வைத்து மெல்லப் பேசினால், முப்பது அடி தள்ளி மற்றதில் காதை வைத்தவருக்குக் கேட்கும். நடுவில் நிற்கிற யாருக்கும் கேட்காது. சக்தி இந்தக் கோடியில் பேசினாள். தோழி அந்தக் கோடியில் தலையாட்டினாள். ரொம்ப நேரம் பேசினார்கள். நான் நடுவில்தான் நின்றேன். அறிவியலைச் சரியாகப் புரிந்துகொண்டது இந்த இரண்டும்தான் என்று பொன்னாயி அக்காவிடம் சொன்னேன்.

அந்தப் பள்ளி வேன் அரை மணிக்கு முன்பே போய்விட்டது. நாங்கள் மூன்று மணி பத்து நிமிடத்துக்குப் புறப்பட்டோம். படியில் நின்றேன். தலை தலையாகத் தொட்டேன். இருபத்தாறு. "போலாம்ணே" என்றேன்.

வழியில் வி.கைகாட்டி என்ற ஊரில் பாவாடை அண்ணன் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார். மணி நாலாகப் பத்து நிமிடம். பிள்ளைகளுக்கு வேனிலேயே பிஸ்கட் கொடுத்துக்கொண்டு வந்தேன். கடைசிக்கு முந்தின சீட்டில் சுவாதி பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை, கண்ணீர் மட்டும்.

"என்னம்மா, வயிறு வலிக்குதா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"பின்ன?"

"சாமி மேல சத்தியம் பண்ணியிருக்கேன் டீச்சர்."

அவளுக்குப் பக்கத்தில் ஜன்னலோரம் சக்தி முழங்காலில் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாம் என்று தோளைத் தொட்டேன். முகம் நிமிர்ந்தது.

சக்தி இல்லை.

அந்த முகத்தை நான் எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியாது. அதற்கும் அதே வயது, அதே சடை, அதே ரிப்பன். கிண்ணத்துக்கு அந்தக் கோடியில் நின்ற பிள்ளை.

"நீ யாரும்மா?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

"சக்தி எங்க?"

வாயை இறுக்கி மூடிக்கொண்டது. பொன்னாயி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயோ, இது யார் பெத்த புள்ள?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நுழைவுச்சீட்டில் அறிவியல் கூடத்தின் எண் இருந்தது. போன் போட்டேன். காவலாளி எடுத்தார். எங்கள் பிள்ளை ஒன்று அங்கேயே தங்கிவிட்டது, உடனே பாருங்கள் என்றேன்.

"உள்ள பூட்டியாச்சுங்களே. ஆள் யாரும் இல்லயே." சற்று நின்று, "பின்னாடி கம்பிவேலிப் பக்கம் கொஞ்சம் புள்ளைங்க கல்லு பொறுக்கிட்டு இருந்துச்சுங்க. நான்தான் வெரட்டினேன். அதுக்கு அந்தாண்ட பள்ளம்ங்க. தண்ணி நிக்குது. இருங்க, டார்ச் எடுத்துட்டுப் போயி…" என்றார்.

"இந்த வெளிச்சத்துல டார்ச் எதுக்குங்க?"

"பள்ளத்துல வெளிச்சம் இருக்காதுங்க."

சீட்டைப் பிடித்துக்கொண்டு, "பள்ளத்துல பாருங்க, தண்ணியில நல்லாப் பாருங்க" என்று நான் சொன்னது வேன் முழுக்கக் கேட்டது. ஜன்னலோரப் பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தது.

"அவ பள்ளத்துக்கெல்லாம் போகல. எங்க வேன்ல போயிட்டா."

அவள் பெயர் வெற்றிச்செல்வி. பூலாம்பாடி. சக்தியின் தாய்மாமன் மகள். சக்திக்கு அம்மாவிடம் போக வேண்டும். இவர்கள் வேன் அம்மா ஊருக்குத்தான் போகிறது. ஒரு பிள்ளை குறைந்தால் வேன் கிளம்பாது என்று சக்தி சொல்லியிருக்கிறாள். அதனால் அவளுக்குப் பதில் இவள் இங்கே. இவளுக்குப் பதில் அவள் அங்கே. இரண்டு வேனிலும் எண்ணிக்கை சரி.

"உன்னைக் காணோம்னு உங்க வூட்டுல தேடமாட்டாங்களா?"

"நான் சாமிதுரை மாமா வூட்டுக்குத்தான வரேன். நாளைக்கு மாமா கொண்டாந்து விட்டுடும்" என்றாள், டவுன்பஸ் மாறுகிறவளைப்போல.

கோபம் வரவில்லை. பள்ளத்தில் இல்லை என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. காவலாளிக்குச் சொல்லிவிட்டு, அவர்களுடைய வாத்தியார் எண் தெரியுமா என்று அவளைக் கேட்டேன். மூடியிருந்த இடது கையை விரித்தாள். உள்ளங்கையில் பால்பாயிண்ட் பேனாவால் பத்து இலக்கம். பிள்ளை தொலைந்தால் உதவட்டும் என்று அவர்களுடைய வாத்தியார் எல்லார் கையிலும் எழுதியிருந்தார். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

இரண்டு முறை அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தார்.

"அய்யம்பெருமாள் பேசுறேன்."

நான் யார் என்று சொன்னேன். "சார், உங்க வேன்ல எங்க புள்ளை ஒண்ணு இருக்கு."

"இருக்காதும்மா. எங்க புள்ளைங்க இருபத்தொம்பது. அரியலூர்ல நானே எண்ணித்தான் ஏத்தினேன். சரியா இருந்துச்சு."

"உங்க வெற்றிச்செல்வி எங்க வேன்ல உக்காந்திருக்கா சார்."

அந்தப் பக்கம் பாட்டுச் சத்தம் நின்றது. அவர் எழுந்து பின்னால் நடப்பது கேட்டது. ஒரு பிள்ளையிடம் ஏதோ கேட்டார். மறுபடி எண்ணினார். எண்ணுவது எனக்குக் கேட்டது. இருபத்தெட்டோடு நின்றார்.

"டீச்சர், அந்தப் புள்ள இல்ல. பெரம்பலூர் நாலு ரோட்டுல டீசல் போட நிறுத்தினோம். பாத்ரூம் போகணும்னு நாலஞ்சு பேர் இறங்குச்சு. அதோட அவளும் இறங்கியிருக்கா. ஏறல. கிளம்பிக் கால் மணி நேரம் ஆச்சு."

"அங்க எண்ணலையா சார்?"

"இல்ல." டிரைவரிடம் ஏதோ கத்தினார். பிறகு, "வண்டியத் திருப்பிட்டேன். அங்க போலீஸ் பூத் இருக்கு, சொல்லிடறேன். நீங்க அவங்க அப்பா அம்மாவுக்குச் சொல்லுங்க" என்றார்.

சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற வண்டியெல்லாம் நாலு ரோட்டைத் தொட்டுத்தான் போகும். பெரியவர்களே கையைக் காட்டிக்கொண்டுதான் கடப்போம். அங்கே எட்டு வயதுப் பிள்ளை.

"அங்க எதுக்கு இறங்கினா?" என்று வெற்றிச்செல்வியைக் கேட்டேன்.

"அத்தை ராத்திரிதான் ஊருக்கு வரும். அதுவரைக்கும் நாலு ரோட்டுல துணிக்கடையில இருக்கும்னு சொன்னேன். வேன்லயே போடின்னுதான் சொன்னேன் டீச்சர்."

"எந்தக் கடை?"

"பெருசு. வாசல்ல பொம்மை நிக்கும்."

மலர்க்கொடியின் எண் என்னிடம் இல்லை. வெற்றிச்செல்விக்கும் தெரியவில்லை. பள்ளியில் எழுதி வைத்திருந்தது சாமிதுரையின் எண் மட்டும். அம்மா கேட்டால் விடக்கூடாது என்று சொன்னவரிடமே அம்மாவின் எண்ணைக் கேட்க வேண்டும். முதலில் தலைமை ஆசிரியரைக் கேட்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடம் வீண் என்று தோன்றியது. சாமிதுரைக்கே போட்டேன்.

"சொல்லுங்க டீச்சர். வந்துட்டீங்களா?" பின்னால் கல் கொட்டுகிற சத்தம்.

"இல்லைங்க. சக்தி என்கூட இல்ல. நான் எண்ணினதுல தப்பு பண்ணிட்டேன்." முதலில் அதைச் சொன்னேன். பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னேன். கல் கொட்டுகிற சத்தம் நின்றிருந்தது. வைத்துவிட்டாரோ என்று, "கேக்குதுங்களா?" என்றேன்.

"கேக்குது."

"அவங்கம்மா நம்பர் குடுங்க. நான் பேசறேன்."

"கடையில போனை வாங்கிப் பொட்டியில போட்டுருவாங்க. கடை சாத்தினாத்தான் குடுப்பாங்க."

"கடைப் பேர் தெரியுமா?"

தெரிந்திருந்தது. எந்தத் தெரு, எத்தனையாவது மாடி, எந்தப் பிரிவு என்பது வரைக்கும் சொன்னார். "நாலு ரோடு ஆட்டோ ஸ்டாண்டுல என் கூட்டாளி அங்கமுத்து இருக்கான். அவனை அனுப்பறேன். நீங்க இப்ப எங்க நிக்கறீங்க?"

"வி.கைகாட்டி."

"பெரம்பலூர் பஸ்ஸுல ஏறுங்க. நான் லோடு எடுக்க அரியலூர்லதான் இருக்கேன், இங்க ஏறிக்கறேன். என் மச்சான் பொண்ணை விட்றாதீங்க." கடைசி வாக்கியத்தை மட்டும் பல்லைக் கடித்துச் சொன்னார்.

மற்ற இருபத்தைந்து பேரையும் பொன்னாயி அக்காவோடு அனுப்பினேன். இந்த முறை ஒவ்வொருவரின் மோவாயையும் நிமிர்த்தி, பேரைச் சொல்லச் சொல்லி எண்ணினேன். பாவாடை அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து, "நான் பத்திரமா சேத்துடறேன், நீங்க ஓடுங்க" என்றார்.

பஸ்ஸில் வெற்றிச்செல்வியின் மணிக்கட்டை விடவே இல்லை. அவளுக்கு வலித்திருக்கும்.

அரியலூரில் சாமிதுரை ஏறினார். எங்களுக்கு எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தார். முகத்தில் வேர்வையும் தூசியும் சேர்ந்து கோடு கோடாக இருந்தது. வெற்றிச்செல்வி எனக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"ஏண்டி, யார் குடுத்த யோசனை?"

"சக்திதான் மாமா."

"அவ சொன்னா நீ செஞ்சிருவியா?"

"அழுதா மாமா."

கூட்டம் குறைந்து அப்போதுதான் கண்டக்டர் எங்களிடம் வந்தார். சாமிதுரை மூன்று டிக்கெட் எடுத்தார். நான் பையைத் திறந்தபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். என்னைப் பார்க்கவே இல்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

அங்கமுத்து கூப்பிட்டார். சாமிதுரை காதில் அழுத்திக் கேட்டார். "ம்… ம்… சரி" என்று வைத்தார்.

"அவங்கம்மாகிட்ட சொல்லிட்டானாம். கேட்டதும் கடையை விட்டு ஓடிடுச்சாம். பாப்பா கடைக்கு வரலையாம்."

அதன் பிறகு போன் அடிக்கவில்லை. பேரளி வந்தது, போனது. நிறுத்தம் நிறுத்தமாக ஆள் ஏற்றினார்கள். ஒருவர் ஆட்டுக்குட்டியை ஏற்றலாமா என்று கண்டக்டரோடு வழக்காடினார். சாமிதுரை எழுந்து போய், "அண்ணே, குட்டிக்கும் டிக்கெட் நான் தரேன். வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள்.

நாலு ரோட்டில் இறங்கும்போது மணி ஐந்தே முக்கால். அய்யம்பெருமாள் சாரின் வேன் பங்க் ஓரமாக நின்றது. போலீஸ் பூத் அருகில் ஊதா நிறக் கடைச் சேலையில் ஒரு பெண் செருப்பில்லாமல் நின்று போலீஸ்காரரிடம் கையை நீட்டி நீட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். மலர்க்கொடி. பிள்ளை கூட இல்லை.

எங்களைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். ஆனால் நேராக என்னிடம் வந்தாள்.

"ஏன் டீச்சர், எண்ணித்தான கூட்டிட்டு வந்தீங்க?"

"எண்ணினேன்ங்க. முகத்தைப் பாக்கல."

"ஒரு மணி நேரமா கத்திக்கிட்டு இருக்கேன். பங்க்ல பாத்தாச்சு, பஸ் ஸ்டாண்டுல பாத்தாச்சு. லாரிக்காரன் எவனாவது…" வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமிதுரை அவளைத் தாண்டி சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அய்யம்பெருமாள் சார் ஓடி வந்து, திருச்சி பஸ் எல்லாவற்றையும் நிறுத்திப் பார்த்துவிட்டதாகச் சொன்னார். பிறகு குனிந்து வெற்றிச்செல்வியின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். அவள் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் மண்டியிட்டு அவளிடம் கேட்டேன். "சக்திகிட்ட நீ என்ன சொன்ன? ஒரு வார்த்தை விடாம சொல்லு."

"அத்தை துணிக்கடையில இருக்கு. பெரிய கடை. வாசல்ல பொம்மை நிக்கும். அவ்ளோதான்."

மலர்க்கொடி திரும்பினாள். "எங்க கடையில ஏதுடி பொம்மை?"

"தீபாவளிக்கு நான் வந்தப்ப நின்னுச்சே அத்தை. சேலை கட்டி, கையை இப்படி வச்சிக்கிட்டு."

"அதைப் பொங்கலோட உள்ள எடுத்து வச்சிட்டாங்க." சொல்லிக்கொண்டே அவள் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிப் பார்த்தாள். "பொம்மை வச்ச கடை அந்தப் பக்கம் ரெண்டு இருக்கு."

வெற்றிச்செல்வியை அவளுடைய வாத்தியாரிடம் விட்டுவிட்டு அங்கமுத்துவின் ஆட்டோவில் ஏறினோம். மலர்க்கொடி முன்னால் டிரைவர் சீட்டு ஓரத்தில் தொற்றிக்கொண்டாள். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடை தள்ளியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே மேடைபோல் கட்டி, ஐந்து பொம்மைகளை நிறுத்தியிருந்தார்கள். பட்டுச்சேலை கட்டிய இரண்டு பொம்மைகளுக்கு நடுவில், மேடை விளிம்பில், இரட்டைச் சடையோடு ஒன்று உட்கார்ந்திருந்தது. போகிறவர்கள் யாரும் நின்று பார்க்கவில்லை. கடைக்காரர் வீட்டுப் பிள்ளை என்று நினைத்திருப்பார்கள்.

ஆட்டோ நிற்கும் முன்பே மலர்க்கொடி குதித்துவிட்டாள்.

சக்தி அழவில்லை. "உள்ள விட மாட்டேன்னு சொல்லிட்டாங்கம்மா. கடை சாத்துறப்ப நீ வெளிய வருவன்னு உக்காந்திருந்தேன்" என்றாள். நகத்துக்குள் மணல் இருந்தது. மலர்க்கொடி அவளுடைய கால், கை, முதுகு என்று தடவிப் பார்த்தாள். பிறகு முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டாள். சாமிதுரை பின்னாலேயே ஓடி வந்தவர், நான்கு அடி தள்ளி நின்றுவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அடுத்தது என்ன என்று உறைத்தது. உங்ககிட்ட வாங்கின புள்ளையை உங்ககிட்டதான் விடுவேன் என்று சொன்னவள் நான். பிள்ளையோ அம்மாவின் கழுத்தை விடுவதாக இல்லை. பிடுங்கிக் கொடுப்பதா? சாமிதுரை கேட்டால் பிடுங்கத்தான் வேண்டும்.

"சக்தி, அப்பா வந்திருக்காரு பாரு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் முகத்தை அம்மாவின் தோளில் திருப்பிக்கொண்டாள்.

மலர்க்கொடி நிமிர்ந்தாள். "டீச்சர், கேட்டுச் சொல்லுங்க. இப்பவே இழுத்துட்டுப் போகணுமாமா?"

சாமிதுரை என்னைப் பார்த்தே பேசினார். "நான் இழுத்துட்டுப் போறதுக்கு வரலைன்னு சொல்லுங்க டீச்சர். புள்ளையைக் காணோம்னு வந்தேன்."

"காணாமப் போனது எதுக்குன்னு தெரியுமான்னு கேளுங்க."

அவர் லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்தார். கடை வாசலில் கூட்டம் சேர்ந்தது. அங்கமுத்து, "போங்கய்யா, புள்ள கெடச்சிருச்சு, போங்க" என்று விலக்கிவிட்டார். சாமிதுரை தரையைப் பார்த்தபடி, "டீச்சர், ரெண்டு நாள் அங்க இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை நான் போயி கூட்டிக்கறேன். திங்கக்கிழமை ஸ்கூலுக்கு வந்துடும்" என்றார்.

"அப்ப எழுதிக் குடுங்க" என்றாள் மலர்க்கொடி. "நாளைக்கு உங்க அண்ணன் தம்பியெல்லாம் வந்து, புள்ளையைக் கடத்திட்டேன்னு பஞ்சாயத்து வைப்பாங்க." முதல் முறையாக அவரிடம் நேராகப் பேசினாள். பேசியதை அவளே கவனிக்கவில்லை.

"டீச்சர் எழுதட்டும். நான் கையெழுத்துப் போடறேன்."

என் பையில் வெள்ளைத்தாள் இருந்தது. பொம்மை மேடையின் ஓரத்தில் தாளை வைத்து எழுதினேன். தேதி, இடம், மாணவியின் பெயர், வகுப்பு. என் கவனக்குறைவால் மாணவி வழி தவறியது முதல் பத்தி. அதை எழுத வேண்டாம் என்று சாமிதுரை சொன்னார். எழுதினேன். இரண்டாவது பத்தி: தந்தையின் சம்மதத்தோடு மாணவி தாயிடம் ஒப்படைக்கப்படுகிறாள். ஞாயிற்றுக்கிழமை தந்தை பூலாம்பாடிக்கு நேரில் வந்து அழைத்துச் செல்வார்.

சாமிதுரை படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மலர்க்கொடி பிள்ளையை இடுப்பில் இருந்து இறக்காமல், தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பேனாவைத் திறந்தவள் நிறுத்தினாள்.

"எத்தனை மணிக்குன்னு போடலையே டீச்சர்."

சாமிதுரை, "பதினோரு மணி வாக்குல வந்துடுவேன்" என்றார்.

"ஞாயித்துக்கிழமையும் எனக்குக் கடை உண்டு. எட்டு மணி பஸ்ஸுக்குப் போயிடுவேன். ஏழு மணின்னு போடுங்க."

"ஏழு மணிக்குப் பூலாம்பாடியில இருக்கணும்னா நான் ராத்திரி மூணு மணிக்கு எந்திரிக்கணும் டீச்சர்."

"எந்திரிக்கட்டும்" என்றாள் மலர்க்கொடி. "இட்லி ஊத்தியிருப்பேன்."

சாமிதுரை மறுக்கிறாரா என்று பார்த்தேன். மறுக்கவில்லை. 'ஞாயிற்றுக்கிழமை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. 'காலை ஏழு மணிக்கு' என்று எழுதி அவளிடம் நீட்டினேன்.